ஒன்பதில் நின்ற குத்துச்சண்டை

கிடங்குப்பேட்டைத் தேசிங்கு ஏன் இருபத்தாறே வயதில், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், இடது கை இடி மாதிரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் குத்துச்சண்டையை விட்டான், விட்டவன் ஏன் திரும்பி வரவே இல்லை என்று கேட்டால், பேட்டையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கண்ணில் அடி பட்டது என்பார்கள், பெண்டாட்டிக்குப் பயந்தான் என்பார்கள், குடித்துக் கெட்டான் என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அன்று மேடைக்குப் பக்கத்தில் இல்லை. நான் இருந்தேன். அந்தப் போட்டிக்கு மணி அடித்தவனே நான்தான். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் என்பதால் நேரம் பார்த்து மணி அடிக்கும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

எதிராளி அருளப்பன். துறைமுகத்தில் பதினோரு வருடமாக இரவு ஷிப்டில் மூட்டை தூக்கியவன், பகலில் குத்துச்சண்டை பழகியவன், ஆக எப்போது தூங்கினான் என்று அவனைப் பெற்ற லூர்துமேரிக்கே தெரியாது. லூர்துமேரி பேட்டையின் மருத்துவச்சி. எங்கள் தெருக்களில் நடமாடுகிற பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழ வைத்தவள், தேசிங்கு உட்பட. போட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் சுவரொட்டி சுவரொட்டியாக வசை பாடிக்கொண்டார்கள். 'அருளப்பனைப் பாடையில் ஏற்றுவேன்' என்று இவன், 'தேசிங்குக்குத் தேதி குறித்தாயிற்று' என்று அவன். கிடங்கு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயிலில் மூவாயிரம் பேர் கூடினார்கள். முதல் வரிசையில் தேசிங்கின் மனைவி பூங்காவனம் ஒன்பது மாத வயிற்றோடு, கையில் விசிறியோடு, வாயில் வசவோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது சுற்றில் அந்த இடது கை இறங்கியது. அருளப்பன் நின்ற இடத்திலேயே இரண்டு தரம் தலையை ஆட்டி, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்து, பிறகு மெதுவாக, பாய் விரித்துப் படுப்பவன் மாதிரி மல்லாந்து படுத்தான். விதிப்படி தேசிங்கு வெள்ளை மூலைக்குப் போனான். யாருக்கும் சொந்தமில்லாத அந்த மூலையில்தான், எதிராளி விழுந்தால், எண்ணி முடிக்கும்வரை மற்றவன் நிற்க வேண்டும், அதற்குள் எழாவிட்டால் விழுந்தவன் தோற்றான். நடுவர் மாசிலாமணி குனிந்து விரலை ஆட்டி எண்ணத் தொடங்கினார். அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், பெற்ற அப்பனாக இருந்தாலும் அபராதம் போடுகிறவர். ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டமும் கூடவே எண்ணியது. ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குப் பிறகு எண்ண எதுவும் இல்லை.

மாசிலாமணியின் வாய் திறந்தது, விரல் இறங்கியது, சத்தம் வரவில்லை. மூவாயிரம் வாயும் அப்படியே திறந்து நின்றது. அவர் எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி முயன்றார். பிறகு 'டென்' என்று சொல்லப் பார்த்தார், அதுவும் இல்லை. செருப்புக் கடை சுப்பையா தெலுங்கில் முயன்றார், அடகுக்கடைச் சேட்டு இந்தியில் முயன்றார், இருவரும் காற்றைத்தான் ஊதினார்கள். எழுதிக் காட்டலாமே என்று நான் சாக்குக்கட்டியை எடுத்தேன், ஒன்றைப் போட்டேன், பக்கத்தில் சைபர் போடப் போனேன், கை சைபர் போடாமல் என் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது. ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். வரவில்லை, அவ்வளவுதான். அருளப்பன் ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டான்.

கூட்டம் இருட்டும்வரை பார்த்தது, பிறகு வீட்டுக்குப் போனது. மாசிலாமணி போகவில்லை. எண்ணி முடிக்காமல் ஆட்டம் முடியாது, முடியாத ஆட்டத்தின் மேடையை விட்டு யாரும் இறங்கக் கூடாது, படுத்தவனை யாரும் இடம் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் வந்து நாடி பிடித்தார். நல்ல தூக்கம், பதினோரு வருடத்துப் பாக்கி, வேறொன்றும் இல்லை என்றார். மறுநாள் காலை மேடைக்கு மேல் பந்தல் போட்டார்கள், அதற்கு மறுநாள் மேடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வந்தது, அந்த வாரக் கடைசியில் பேட்டைக்கு அது பழகிப்போனது.

எதுதான் எங்களுக்குப் பழகவில்லை, கழிவுநீர் பழகியது, கரித்தூள் பழகியது, ஒன்பதுக்கு மேல் நேராகப் பதினொன்று என்பதா பழகாது? பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஒரு வகுப்பு பெயரில்லாமல் நடந்தது, பெயரில்லாத வகுப்புக்கு எப்படிப் பரீட்சை வைப்பது என்று தலைமை ஆசிரியர் தலையைச் சொறிய, பிள்ளைகள் தேசிங்குக்கு மாலை வாங்கி வந்து போட்டார்கள். கண்ணாமூச்சி ஆடப்போன குழந்தைகளை யாரும் எண்ணி முடித்துத் தேட வராததால் அவர்கள் பீப்பாய்க்குள்ளும் படகுக்கு அடியிலுமே இருந்தார்கள், தாய்மார்கள் சோற்றை அங்கேயே கொண்டுபோய் ஊட்டினார்கள். சுவர்க் கடிகாரங்கள் காலையில் ஒன்பது அடித்தபின் ஒரு மணி நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசாமல் இருந்தன. ரிப்பேருக்கு என்று என் கடையில் கொண்டுவந்து குவித்தார்கள். ஊரில் வாய் அடைத்துக்கொண்டதற்குக் கடிகாரத்தைக் கழற்றி என்ன ஆகப் போகிறது, எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வார்த்தை போனபோது தன் பெயர் கொண்ட உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதுதான் வேடிக்கை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பாத்திரம் என்று சொல்ல முடியாமல் வாசலில் நின்று கையைத் தேய்த்துக் காட்டினார்கள். வீங்கின முழங்காலுக்குப் பத்துப் போடும் சுளுக்கு வைத்தியர், கிண்ணத்தில் குழைத்ததைக் காட்டி, 'இத்தப் போடட்டுமா?' என்று கேட்டார்.

மேடையில் இருவரும் இருந்தார்கள். லூர்துமேரி வேளாவேளைக்கு வந்து மகன் வாயில் கஞ்சியைக் கரண்டியால் விட்டாள், அவன் தூக்கத்திலேயே விழுங்கினான். வெள்ளை மூலையில் தேசிங்குக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். காலைக்கடனுக்குப் போய்வர மட்டும் மாசிலாமணி விதிப்புத்தகத்தில் எங்கேயோ ஒரு இடம் கண்டுபிடித்தார். பூங்காவனம் தூக்குச்சட்டியில் நாஸ்தா கொண்டுவந்து, கையுறையைக் கழற்றக் கூடாது என்பதால் ஊட்டிவிடுவாள்.

முதல் சில நாள் தேசிங்கு கயிற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் வாத்தியார் துரைக்கண்ணு சொல்லிக் கொடுத்தது அப்படி: விழுந்தவன் முகத்தைப் பார்க்காதே, கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கு. ஆனால் கூட்டம் இல்லாத மைதானத்தை எத்தனை நேரம் பார்ப்பது. முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே எத்தனை நேரம் உட்காருவது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவன் திரும்பி உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் நடந்ததை நான் கண்ணால் கண்டேன், என் மணி மேஜை அங்கேதானே இருந்தது. "அண்ணே, அவன் மேல வெய்யில் வருது, பந்தல கொஞ்சம் இயுங்க" என்பான். "ஆத்தா, அவன் வலது பக்கமே படுத்துகினு கீறான், கை மரத்துப்பூடும், திருப்பி வுடு" என்று லூர்துமேரியிடம் சொல்வான். ஒருநாள் மத்தியானம் அருளப்பன் தூக்கத்தில் சிரித்தான், சின்னச் சிரிப்பு, யாரோ தின்பண்டம் கொடுத்தாற்போல. தேசிங்கும் மூலையில் உட்கார்ந்து சிரித்தான். நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

லூர்துமேரி அவனை மன்னிக்கவெல்லாம் இல்லை. கஞ்சிக் கரண்டியைக் கழுவும்போது, "உன்ன அன்னிக்கே தட்டாம வுட்டுருக்கணும்டா" என்பாள். சொல்லிவிட்டு, மீந்த கஞ்சியை அவனிடம் நீட்டுவாள். அவனும் குடிப்பான்.

இப்படியே போயிருந்தால் அவர்கள் இன்றைக்கும் அங்கேயே இருந்திருப்பார்கள், பேட்டை ஒவ்வொரு வருடமும் பந்தலுக்குக் கீற்று மாற்றியிருக்கும். கணக்குத் தப்பியது பூங்காவனத்தின் வயிற்றில்.

நம் பெண்கள் பத்து மாதம் சுமக்கிறவர்கள். டாக்டர் எப்படிக் கணக்குப் போட்டாலும் நம் வீட்டுக் கணக்கு அதுதான். பேட்டையில் அந்த மாதம் வரவே இல்லை. ஐந்தும் ஆறுமாக இருந்தவர்கள் ஒவ்வொரு மாதமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள், ஒன்பதில் இருந்தவள் அவள் ஒருத்திதான், அவள் ஒன்பதிலேயே நின்றாள். வயிறு இறங்கவில்லை, ஏறவும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தொட்டுப் பார்த்து, "ஒன்பதுதான் நடக்கிறது, போய்விட்டு அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோதும் அதையேதான் சொன்னார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை அவள் தூக்குச்சட்டி இல்லாமல் வந்தாள். மேடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், மூணு நாளா புள்ள உதைக்கல" என்றாள்.

லூர்துமேரி மகன் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து, பூங்காவனத்தை அங்கேயே நிற்க வைத்து வயிற்றில் காதை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். டீக்கடைக்காரர் பம்ப் அடுப்பை நிறுத்தினார்.

"தூங்குது" என்றாள் லூர்துமேரி. "இவன மாரியே தூங்குது. ஆனா இவனுக்கு நான் கஞ்சி ஊத்தறேன். அதுக்கு யாரு ஊத்துவா? இன்னும் ரெண்டு நாளு தாங்கும். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலடா தேசிங்கு."

அவன் பெயரை அவள் வசவில்லாமல் சொன்னது அன்றைக்குத்தான். தேசிங்கு முக்காலியிலிருந்து எழுந்தான்.

"சார், பத..." என்று ஆரம்பித்துச் சொல்ல முடியாமல் விட்டுவிட்டு, மாசிலாமணியைப் பார்த்துக் கேட்டான்: "அந்த நம்பரு இல்லாம ஆட்டம் முடிய வேற வயி கீதா?"

மாசிலாமணி விதிப்புத்தகத்தைப் பிரித்தார், அவருக்கு அது மனப்பாடம், ஆனாலும் பிரித்தார். எண்ணும்போது மணி அடித்தால் செல்லாது. எண்ணத் தொடங்கியபின் விழுந்தவன் பக்கத்திலிருந்து தோல்வியை ஒப்புக்கொண்டு மேடையில் துண்டு போட்டாலும் செல்லாது, அதை அருளப்பன் ஆட்கள் இரண்டாம் நாளே போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிற்கிறவன் துண்டு போட்டால்? மாசிலாமணி கண்ணாடியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, அட்டை முதல் அட்டை வரை பார்த்தார். நிற்கிறவன் துண்டு போடக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒரு கிறுக்கன் வருவான் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

"செல்லும்" என்றார். "ஆனால் நீ தோற்றதாக ஆகும். தூங்கிக்கொண்டிருப்பவன் ஜெயித்ததாக ஆகும்."

துரைக்கண்ணு வாத்தியார் டீக்கடையிலிருந்து பாய்ந்து வந்தார். எங்கள் பேட்டையில் ஒரு கட்டு உண்டு. வாத்தியார் துண்டு போட்டால் அது ஒரு தோல்வி, அடுத்த மாதம் ஜெயித்து அழித்துவிடலாம். தன் துண்டைத் தானே போட்டவனோ கையுறையைக் கழற்றி எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் மாட்டக் கூடாது. "நான் போட மாட்டேன்" என்றார் வாத்தியார். "ஜெயிச்சவன் துண்ட நான் எப்பிடிடா போடுவேன், என் கை வெளங்குமா? உன்ன விட்டா இந்தப் பேட்டைக்கு யாரு கீறா?"

"நீ போடாதய்யா" என்றாள் பூங்காவனம். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் என்னவோ சண்டைக்குரல்தான். "உன் பேரு பூடும். நாளிக்கு இவனுங்களே உன்ன நடுத்தெருவுல நக்கல் வுடுவானுங்க. ரெண்டு நாளு கீதுன்னு ஆத்தா சொல்லுது இல்ல? அதுக்குள்ள அந்த நம்பரு வந்துட்டா?"

"வரலன்னா?"

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்ல எனக்கு இன்னா பேரும்மே?" என்று கேட்டான் தேசிங்கு. "சாம்பியன்னா கூப்புடற? யோவ்னுதானே கூப்புடற? அந்தப் பேரு பூடாது."

தோளில் கிடந்த துண்டை எடுத்தான். நாற்பத்திரண்டு நாள் வியர்வையும் கஞ்சியும் பட்டு அதன் நிறமே போயிருந்தது. வீசி எறியவில்லை, நடந்துபோய் அருளப்பன் தலைமாட்டில் வைத்தான். பல்லால் முடிச்சை இழுத்துக் கையுறைகளைக் கழற்றி அவன் நெஞ்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். அவை அவன் மூச்சோடு மேலே போய்க் கீழே வந்தன.

நான் மணி அடித்தேன். அடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

முதலில் என் கடைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில், விட்டுப்போன மணிகளையெல்லாம் சேர்த்து அடித்தன. பீப்பாய்களிலிருந்தும் படகடியிலிருந்தும் குழந்தைகள், ஒன்றரை மாதத்தில் ஓர் அங்குலம் வளர்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ பத்தாம் வகுப்பு என்று உரக்கப் படிக்க, ஒரு வகுப்பே அழுதது. மாசிலாமணி, "பத்து" என்றார், மறுபடி "பத்து" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஏழெட்டுத் தடவை சொன்னார், அவரை யாரும் தடுக்கவில்லை.

அருளப்பன் கொட்டாவி விட்டு எழுந்து உட்கார்ந்தான். நெஞ்சிலிருந்து உருண்ட கையுறைகளைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி எண்ணிக்கிறாரு?" என்று கேட்டான். மாசிலாமணி அவன் கையைப் பிடித்துத் தூக்கி, ஜெயித்தவன் நீ என்றார். "யோவ், அடிச்சது அவன்யா" என்றான் அருளப்பன். லூர்துமேரி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அந்தக் கன்னத்தையே முத்தமிட்டு, "அப்பறமா பேசிக்கலாம், வழிய வுடு" என்று தள்ளினாள். ஏனென்றால் பூங்காவனம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

அவளை மேலே தூக்கி, சுற்றிலும் புடவையைக் கட்டி மறைக்க, மேடையிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. வெளியே வந்ததும் அது அழவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது. லூர்துமேரி முதுகில் தட்டினாள். ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணத் துணியவில்லை, கடிகாரச் சத்தம் கேட்டு ஓடி வந்து கூடியிருந்த மூவாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு அது அழுதது பாருங்கள், துறைமுகத்துச் சங்கு தோற்றது. பத்மாவதி என்று பெயர் வைத்தார்கள். பேட்டையே பத்து, பத்து என்று கூப்பிட்டது, அந்த வார்த்தையைச் சொல்வதில் அப்போது எங்களுக்கு அத்தனை ஆசை.

தேசிங்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலைக்குப் போனான். நக்கல் செய்வார்கள் என்று பூங்காவனம் சொன்னது நடந்தது, ஒரு வாரம் நடந்தது, அதற்குள் நக்கல் செய்கிறவர்களை அருளப்பன் தனித்தனியாகச் சந்தித்துவிட்டான். இரண்டு வருடம் கழித்து வாத்தியார்கள் எல்லோரும் கூடி, தேசிங்கு ஒருத்தனுக்கு மட்டும் அந்தக் கட்டு செல்லாது, அவன் வரலாம் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவன் வரவில்லை. அருளப்பன் கையுறைகளை எண்ணெய் போட்டு வைத்திருந்து பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுவந்து நீட்டினான். "உன் வூட்லயே இருக்கட்டும் மச்சான்" என்று இவன் திருப்பி அனுப்பினான். ஆக, கட்டுக்குப் பயந்து வராமல் இருக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகக் கோலாரிலிருந்து ஒரு போட்டி நடத்துபவர் வந்தார். ஆறடி ஆள், முறுக்கிய மீசை, மடித்த ஒப்பந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நானும் அருளப்பனும் கூடப் போனோம். மத்தியானம், தேசிங்கு கால் நீட்டி உட்கார்ந்திருந்தான், பத்து அவன் தொடையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு இன்னும் இரும்பாகத்தான் இருந்தது. வந்தவர் பேசினார், பேசினார், உங்களை மாதிரி இடது கை இந்தியாவிலேயே இல்லை என்றார். பூங்காவனம் டீயை வைத்துவிட்டு, "போய்தான் வாயேன், யாரு தடுக்கறா? ஏன் மாட்டேன்றேன்னு இன்னிக்காவது வாயத் தொறந்து சொல்லேன்யா" என்றாள்.

தேசிங்கு குழந்தை விழித்துக்கொள்ளாதபடி தணிந்த குரலில் சொன்னான்:

"நாப்பத்திரெண்டு நாளு இவன் தூங்கினத பாத்துகினு உக்காந்திருந்தேன். எச்சி எந்தப் பக்கம் வயியும், எப்போ புரளுவான், கெட்ட கனா வந்தா எந்த விரலு துடிக்கும், எல்லாம் தெரியும். அதுலேர்ந்து ஒரு பேஜாரு. எவன் எதிர்ல வந்து நின்னாலும், அவன் தூங்கினா எப்பிடி இருப்பான்னு தெரிஞ்சிடுது. எவ்ளோ முறுக்கிகினு நின்னாலும் தெரிஞ்சிடுது. தெரிஞ்சப்பறம் எங்கடா குத்தறது?"

அருளப்பன் தலை குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். கோலார்க்காரர் விடவில்லை. சிரித்துக்கொண்டே மீசையைத் தடவி, "என்னைப் பார்த்தாலுமா?" என்று கேட்டார்.

தேசிங்கு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க செவுத்துப் பக்கமா திரும்பிப் படுப்பீங்க" என்றான். "கால மடக்கி வயித்தோட வெச்சிகினு, ரெண்டு கையும் தொடை நடுவுல சொருகிக்குவீங்க. போர்வை நழுவினா எடுத்துப் போட ஆள் வர்ற வரைக்கும் கண்ணத் தொறக்க மாட்டீங்க."

அந்த ஆறடி ஆள் டீ தம்ளரைக் கையில் எடுத்தார். "எங்கம்மா இருந்தவரைக்கும் எடுத்துப் போடுவாங்க" என்றார். பிறகு டீயைக் குடித்துவிட்டு, ஒப்பந்தத்தை வெளியே எடுக்காமலேயே எழுந்து, குழந்தையைத் தாண்டி மெல்ல அடி வைத்து நடந்துபோனார்.